அணையைப் பார்த்தால் நெஞ்சு நிமிர்கிறது, சரி. மூழ்கிய ஊர்களுக்கு அந்தப் பெருமையில் பங்கு உண்டா?

பண்ணவாடிப் பரிசல்:
2024 மே மாதம் என் மகளைக் கூட்டிக்கொண்டு பண்ணவாடிப் பரிசல் துறைக்குப் போயிருந்தேன். மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கிக் கிடந்தது. ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரிந்தது, பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் நந்தியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் கேட்டாள், "அப்பா, தண்ணிக்குள்ள யாரு கோயில் கட்டுனாங்க?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் தாத்தா அந்தத் தண்ணீருக்குக் கீழே இருக்கிற ஒரு ஊரில் பிறந்தவர். ஊரைக் காலி செய்யும்போது அவருக்கு எட்டு வயது. வீட்டு நிலைக்கதவையும் விட்டத்தையும் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தார்கள். அந்த நிலைக்கதவு இப்போதும் எங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கிறது, மஞ்சள் பூசிப் பொட்டு வைப்போம். கரையோர வண்டல் நிலத்தை விட்டுவிட்டுக் கல்லாங்காட்டில் கம்பும் சோளமும் விதைத்துப் பிழைத்த குடும்பம் எங்களுடையது.

1934 ஆகஸ்டில் அணையைத் திறந்தார்கள். நீர்த்தேக்கத்துக்கு அப்போதைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயர். உபரி நீர் போகிற 16 கண் மதகுக்குப் பொறியாளர் எல்லிஸின் பெயர். வைக்கட்டும், அந்த மனிதர் உழைத்திருக்கிறார். ஆனால் அணைப் பூங்காவைச் சுற்றி வந்தபோது என் கண்ணுக்கு மூழ்கிய ஊர்களின் பெயரோடு ஒரு பலகைகூடத் தட்டுப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்ரா நங்கல், ஹிராகுட், நாகார்ஜுனசாகர் என்று அணைகளின் பெயரை வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். தாத்தா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஒரு தேசம் தன்னைப் பெரியதாக நினைத்துக்கொள்ள இவ்வளவு பெரிய வேலைகள் தேவைப்படுகின்றன, அதை நான் தப்பென்று சொல்லவில்லை. அந்தப் பெருமையைப் பங்கு போடும்போது நாங்கள் ஏன் கணக்கிலேயே வரவில்லை என்றுதான் கேட்கிறேன்.

திருவாரூர் செல்வி:
அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நாங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். ஜூன் 12 என்றால் எங்கள் பக்கம் அது ஒரு நாள் கிழமை மாதிரி. அன்றைக்கு மேட்டூர் திறந்தால் குறுவை உண்டு. திறக்கவில்லை என்றால் அந்த வருஷம் வீட்டில் பேச்சே மாறிவிடும், நகை அடகு, கல்யாணம் தள்ளிப்போடுவது, எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.

1924 ஜூலை வெள்ளத்தைப் பற்றி எங்கள் கொள்ளுப்பாட்டி சொன்னதை அம்மா சொல்லுவாள். காவிரி கரை தெரியாமல் வந்ததாம், மாட்டை அவிழ்த்துவிட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினார்களாம். அடுத்த வருஷம்தான் மேட்டூர் வேலை ஆரம்பித்தது. அணை வந்த பிறகு எங்கள் பக்கம் பல லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் முறையாக வர ஆரம்பித்தது. அதனால் அந்த அணையை யாராவது குறைவாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும், இப்போதும் வரும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கல்லணையில் தண்ணீர் திறக்கும்போது பூவும் நெல்லும் தூவுவோம், கரிகாலனைக் கும்பிடுவோம், காவிரித் தாயைக் கும்பிடுவோம். அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் வீடு இருந்தது, அடுப்பு எரிந்தது என்று ஒருநாள்கூட நினைத்ததில்லை. இந்த வயதில் நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரிகிறது.

இளங்கோ சிவில்:
கட்டுமானத் துறையில் 30 வருஷம் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். சட்லெஜ் ஆற்றின் குறுக்கே 225 மீட்டர் உயரக் கான்கிரீட் அணை. சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஒழுங்காக ஆகாத நேரத்தில், பிரிவினையில் பஞ்சாபே இரண்டாகக் கிழிந்து, நல்ல கால்வாய்ப் பாசனத்தில் பெரும்பகுதி பாகிஸ்தான் பக்கம் போய்விட்ட நிலையில், அந்த வேலையை முழுவீச்சில் கையில் எடுத்தார்கள். இவ்வளவு உயரத்துக்குக் கட்டிய அனுபவம் நம்மிடம் இல்லை. அமெரிக்காவிலிருந்து ஹார்வி ஸ்லோகம் என்பவரைக் கூட்டிவந்தார்கள். அவருக்குப் பொறியியல் பட்டம் கிடையாது, கிராண்ட் கூலி போன்ற அணைகளில் வேலை பார்த்தே கற்றுக்கொண்டவர். அவரிடம் நம் ஆட்கள் வேலை படித்தார்கள். அணை முடிவதைப் பார்க்காமலே 1961-ல் இறந்துபோனார். 1963 அக்டோபர் 22-ல் நேரு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அந்தக் காலத்தில் நாம் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்ற தேசம். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால்தான் ரேஷனில் கோதுமை. பஞ்சாப், ஹரியானா வயல்களுக்குப் பக்ரா தண்ணீரும் மின்சாரமும் போகாமல் பசுமைப் புரட்சி அந்த வேகத்தில் நடந்திருக்காது. அதனால் அணையைப் பார்த்து வருகிற பெருமையை வெறும் படாடோபம் என்று தள்ளிவிட முடியாது. நம்மாலும் கட்ட முடியும் என்று ஒரு தலைமுறைக்கே நம்பிக்கை வந்தது. என் அப்பா கிராமத்துப் பள்ளி ஆசிரியர், செய்தித்தாளில் வந்த பக்ரா படத்தை வெட்டிச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். நான் சிவில் படித்ததற்கு அந்தப் படம்தான் காரணம்.

1954 ஜூலையில் நங்கல் கால்வாயைத் திறந்துவைத்தபோது நேரு பேசியது எல்லோருக்கும் தெரியும். மனிதன் மனிதனின் நன்மைக்காக உழைக்கிற இடம்தான் இன்றைய கோயில், குருத்வாரா, தேவாலயம், மசூதி என்கிற பொருளில் சொன்னார். என் அப்பா ஒட்டிய படத்துக்கு அர்த்தமும் அதுதான்.

நங்கலில் இருந்தவன்:
இளங்கோ சார் சொன்ன நம்பிக்கையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேலை காரணமாக நங்கலில் ஆறு வருஷம் குடியிருந்தேன். அங்கே ஒரு ரயில் ஓடுகிறது, நங்கலிலிருந்து பக்ராவுக்கு, 13 கிலோமீட்டர் சுமார். அணை கட்ட ஆளையும் சாமானையும் ஏற்றிப்போக 1948-ல் போட்ட பாதை. மரப்பெட்டிகள். இன்றைக்கு வரைக்கும் டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர்கள், அணை ஊழியர்கள் எல்லோரும் அதில்தான் போவார்கள். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னிடம் தன் அப்பா அந்த அணையில் கான்கிரீட் கொட்டியவர் என்று சொன்னார், சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். அது பொய்யான பெருமை இல்லை.

ஆனால் பண்ணவாடி அண்ணன் எழுதிய நந்தியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோவிந்த் சாகர் என்று பெயர் வைத்திருக்கிற பக்ராவின் ஏரி 371 கிராமங்களை விழுங்கியது. பழைய பிலாஸ்பூர் நகரமே அதற்குள் இருக்கிறது, அது ஒரு சமஸ்தானத்தின் தலைநகர். கோடையில் தண்ணீர் இறங்கினால் சேற்றுக்குள்ளிருந்து பழைய கற்கோயில்கள் எழுந்து நிற்கும். பாதி கோபுரம் வண்டலில் புதைந்திருக்கும். மேட்டில் புது பிலாஸ்பூரைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் அந்த மாதங்களில் இறங்கி வந்து விளக்கு வைத்துவிட்டுப் போவார்கள். நான் போயிருந்த அன்று ஒரு பாட்டி சேற்றில் கால் புதையப் புதைய நடந்து, இதுதான் எங்கள் தெரு என்று பேத்தியிடம் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே தெரு என்று சொல்ல ஒன்றும் இல்லை, வெறும் சேறு.

மலையில் இருந்தவர்களில் ஒரு பகுதியை ஹரியானாவில் ஹிசார், சிர்சா பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். இமயமலை அடிவாரத்து மனிதனை அந்த வெயில் காட்டில் விட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்மாய்க்கரை:
எல்லோரும் பெரிய அணையிலேயே நிற்கிறீர்கள். நான் ராமநாதபுரத்துக்காரன், எங்களுக்கு மேட்டூரும் இல்லை பக்ராவும் இல்லை, கண்மாய்தான். தமிழ்நாட்டில் ஏரியும் கண்மாயுமாக 39,000 இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வரத்துக்கால், உபரி நீர் வழிகிற கலிங்கு, மடை, மடையைத் திறந்து முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்கட்டி, அவருக்கு அறுவடையில் நெல், எல்லாம் ஒழுங்கு இருந்தது. கோடையில் ஊரே மண்வெட்டியோடு இறங்கும், அதற்குக் குடிமராமத்து என்று பெயர். அந்தக் கண்மாய்களை வெட்டிய தலைமுறைகளைப் பார்த்து எந்தத் தேசமும் நெஞ்சை நிமிர்த்தியதில்லை. ஏனென்றால் அது படத்தில் பெரிதாகத் தெரியாது, திறந்துவைக்கத் தலைவர் வரமாட்டார், கல்வெட்டில் பெயர் போட இடம் இல்லை. கலிங்கு உடைந்தால் திட்டப் பட்டியலின் கடைசியில் எழுதிவைப்பார்கள், அதற்குள் மழை வந்துவிடும்.

நேருவின் 1954 பேச்சை இளங்கோ சார் சொன்னார். அதே நேரு 1958 நவம்பரில் பாசனப் பொறியாளர்கள் கூடிய கூட்டத்தில் பெரிதாகக் கட்ட வேண்டும் என்பதற்காகவே பெரிதாகக் கட்டுவதை ஒரு வியாதி என்றார். ஒரு சில பெரிய திட்டங்கள் மாற்றுவதைவிட ஏராளமான சிறு பாசனம், சிறு தொழில், சிறு மின் நிலையம் நாட்டின் முகத்தை அதிகமாக மாற்றும் என்றும் சொன்னார். முதல் பேச்சு பாடப்புத்தகத்துக்குப் போயிற்று. இரண்டாவது போகவில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம்.

அப்புறம் முக்கொம்பு. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது கொள்ளிடம் பக்கத்து 45 மதகுகளில் 9 மதகு ஒரே இரவில் அடித்துக்கொண்டு போயிற்று. மணல் மூட்டையைப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தோம். கட்டியவனுக்குச் சிலை வைக்கத் தெரிந்த நமக்கு அதைக் கவனித்துக்கொள்கிற வேலை ஏன் பெரிய வேலையாகத் தெரியவில்லை?

இளங்கோ சிவில்:
கண்மாய்க்கரை, முக்கொம்பு விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன், அன்றைக்கு அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் துறையில் புது வேலைக்குப் போடுகிற ஆளுக்கு இருக்கிற மதிப்பு பராமரிப்புக்குப் போடுகிற ஆளுக்கு இல்லை. இளம் பொறியாளனைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினால் தண்டனை என்று நினைத்து வீட்டில் சொல்லவே கூச்சப்படுகிறான். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர்களைப் பாருங்கள், ஷட்டருக்குக் கிரீஸ் போடுவதிலிருந்து ராத்திரி வெள்ளத்தில் கரை காப்பது வரை அவர்கள்தான். அந்தப் பணியிடம் காலியானால் நிரப்புவதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

ஆனால் கண்மாய் மட்டும் போதும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1924-ல் வந்த வெள்ளத்தை எந்த ஏரியும் தாங்கியிருக்காது. மேட்டூரில் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி, ஒரு டி.எம்.சி என்றால் நூறு கோடி கன அடி. அவ்வளவு தண்ணீரைத் தென்மேற்குப் பருவத்தில் பிடித்துவைத்து டெல்டாவுக்குக் கணக்காக அளந்துவிட ஓர் இடம் வேண்டும். முல்லைப் பெரியாறு இல்லாமல் தேனி, மதுரை கிடையாது. மேற்கே அரபிக்கடலுக்குப் போன ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள், 1895-ல், சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் வைத்து. காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களின் கல்லறைகள் இன்னும் அந்தக் காட்டில் இருக்கின்றன. அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது, தேனிப் பக்கம் வீட்டில் படம் வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். அந்தக் கல்லறைகளில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்... சரி, பண்ணவாடி சொன்ன இடத்துக்கே நானும் வந்து நிற்கிறேன்.

அஸ்வான் வரை போனவன்:
நடுவில் ஒன்று. எகிப்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். நைல் நதியில் கட்டவிருந்த அஸ்வான் உயர் அணைக்குப் பண உதவி தருவதாகச் சொன்ன அமெரிக்கா 1956 ஜூலையில் பின்வாங்கியது, அதே மாதம் 26-ஆம் தேதி எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். சோவியத் உதவியோடு கட்டினார்கள். அங்கே பெரியவர்கள் அணையைப் பற்றிப் பேசும்போது தண்ணீரைப் பற்றிப் பேசமாட்டார்கள், அடிபணியாமல் நின்றதைப் பற்றித்தான் பேசுவார்கள். அணை ஒரு தேசத்துக்கு என்னவாக ஆகிறது என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன்.

அந்த ஏரியில் மூழ்கவிருந்த அபு சிம்பெல் கோயிலை 1960களில் யுனெஸ்கோ முன்னின்று, பல நாடுகள் பணம் போட்டு, கல் கல்லாக அறுத்து மேட்டில் தூக்கி வைத்தார்கள். அற்புதமான வேலை, நேரில் பார்த்து அசந்துபோனேன். ஆனால் நூபியர்களை, எகிப்துப் பக்கத்தில் மட்டும் சுமார் 50,000 பேரை, நைல் நதிக்கரையிலிருந்து எடுத்து கோம் ஓம்போ பக்கம் வரிசை வீடுகளில் போட்டார்கள். என்னோடு வேலை பார்த்த நூபியர் ஒருவர் ஊரைச் சொல்லும்போதெல்லாம் பழைய ஊர்ப் பெயரைத்தான் சொல்லுவார். கோயிலைத் தூக்கியதைப் போல எங்களையும் பத்திரமாகத் தூக்கியிருக்கலாமே என்று ஒருமுறை கேட்டார்.

பண்ணவாடிப் பரிசல்:
எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

எனக்கு மனதில் நிற்கிறவர் புத்னி மெஜான். ஜார்க்கண்ட் பக்கத்து சந்தால் பெண், தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தில் கூலி வேலை பார்த்தவர், பதினைந்து வயது சுமார். 1959 டிசம்பர் 6-ல் பாஞ்செட் அணையைத் திறக்க வந்த நேரு, தான் பட்டனை அழுத்தாமல் அந்தப் பெண்ணை அழுத்தச் சொன்னார். கட்டிய கையே திறக்கட்டும் என்ற எண்ணம், இந்தத் தேசத்தின் பெரிய திட்டங்களில் அவ்வளவு அழகான காட்சி வேறு இல்லை என்பேன். ஆனால் விழாவில் புத்னியின் கையால் நேருவுக்கு மாலை போட வைத்ததைக் கல்யாணமாக எடுத்துக்கொண்டு, வேற்று ஆளைக் கட்டிக்கொண்டாள் என்று அவருடைய சமூகம் அவரை ஊருக்குள் விடவில்லை. சில வருஷத்தில் வேலையும் போயிற்று. 1980களில் ராஜீவ் காந்தி காலத்தில்தான் திரும்பக் கிடைத்தது. 2023-ல் காலமானார். அன்று படம் எடுத்தவர்களுக்கு அவர் ஒரு நாள் தேவைப்பட்டார். மறுநாள் அவர் எங்கே போனார் என்று கேட்க அந்த மேடையில் யாரும் மிச்சம் இல்லை.

ஒடிசாவின் ஹிராகுட் அணையில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்களின் ஊர் போயிற்று. அவர்களிடம் 1948-ல் நேரு, கஷ்டப்படத்தான் வேண்டுமென்றால் நாட்டுக்காகக் கஷ்டப்படுங்கள் என்று சொன்னதாகப் படித்திருக்கிறேன். என் தாத்தாவிடம் அதைக்கூட யாரும் சொல்லவில்லை, அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. நாட்டுக்காக என்று ஒருவர் வந்து சொல்லியிருந்தால் தாத்தா சரி என்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், அவர் அப்படிப்பட்ட மனிதர். ஆனால் சொன்னால், அப்புறம் அந்த நாடு திரும்பி வந்து அவரைப் பார்க்க வேண்டும் இல்லையா.

பங்கு என்று நான் கேட்பது காசு மட்டும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 1976-ல் ஒரு மறுகுடியமர்வுச் சட்டம் கொண்டுவந்தார்கள், நிலம் இழந்தவனுக்கு அந்த அணையின் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டிலேயே நிலம் கொடுக்க வழி செய்த சட்டம். நடைமுறையில் ஆயிரம் சிக்கல் வந்தது, சண்டை போட்டுத்தான் வாங்கினார்கள், பலருக்குக் கிடைக்கவே இல்லை. ஆனாலும் அந்த எண்ணம் சரியானது. தண்ணீருக்காக ஊரை விட்டவன் அதே தண்ணீரில் நாற்று நடுவான். எங்கள் தாத்தாவுக்குத் தஞ்சாவூரில் ஒரு மா நிலம் கொடுத்திருந்தால், செல்வி, உங்கள் ஊரில் நாங்களும் ஜூன் 12-க்குக் காத்திருந்திருப்போம்.

கண்மாய்க்கரை:
பரிசல் அண்ணா, அந்தக் கடைசி வரியை எங்கள் ஊர் விவசாயிகள் குழுவில் அப்படியே படித்துக் காட்டினேன். ஒருத்தரும் பேசவில்லை.

திருவாரூர் செல்வி:
அண்ணா, நேற்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பதினைந்து பெண்கள் சேர்ந்து வருஷம் ஒருமுறை ஒரு வேன் பிடித்துக் கோயிலுக்குப் போவோம். ஆடிப் பெருக்குக்கு மேட்டூர் வந்திருக்கிறோம், பூங்காவில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். இந்தமுறை பண்ணவாடிக்கு வரலாம் என்று இருக்கிறோம். என் மாமியாருக்கு 81 வயது, அவரும் வருகிறேன் என்கிறார், அந்த நந்திக்கு எங்கள் வயல் நெல்லில் ஒரு படி வைக்க வேண்டுமாம். மூழ்கிய ஊர்களின் பெயர் உங்களுக்குத் தெரிந்த வரைக்கும் எழுதி அனுப்புங்கள். ஆடியில் வரலாமா?

பண்ணவாடிப் பரிசல்:
ஆடியில் வேண்டாம் செல்வி. அப்போது தண்ணீர் ஏறியிருக்கும், நந்தி தெரியாது. சித்திரை கடைசி, வைகாசியில் வாருங்கள், அணை 70 அடிக்குக் கீழே போனால் நன்றாகத் தெரியும். நல்ல மழை வருஷமாக இருந்தால் இறங்காமலே போய்விடும், அப்படியானால் உங்கள் வயலுக்கு நல்லது, அடுத்த வருஷம் பார்க்கலாம். மாமியாரை நடக்க விடாதீர்கள், சேறு ஆளை இழுக்கும், நான் பரிசலுக்குச் சொல்லிவைக்கிறேன். ஊர்ப் பெயர்களை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பெரியப்பாவிடம் உட்கார்ந்து கேட்டதில் இதுவரை ஒன்பது வந்திருக்கிறது. அவருக்கும் 88 ஆகிறது, சீக்கிரம் முடிக்க வேண்டும்.